உங்களுக்குத் தெரியுமா? கோணல் சாலையில் நேர்மை!

டெல்லியில் தமிழ்நாடு இல்லத்தின் முகவரி என்ன தெரியுமா? சாணக்யபுரி, கௌடில்ய மார்க்! 'கௌடில்யம்' என்றால் வடமொழியில் கோணல், வளைவு, சூது! அந்த முகவரியில் தங்கி இருக்கும் நம் அரசின் முத்திரை வாசகம் என்ன? 'வாய்மையே வெல்லும்'! கோணல் தெருவில் வாய்மைக்கு ஒரு வாசல்! இப்படி ஒரு பொருத்தத்தை யாராவது யோசித்துச் செய்ய முடியுமா?

கௌடில்யர் வேறு யாருமில்லை, சாணக்கியரேதான். விஷ்ணுகுப்தர் என்பதும் அவர்தான். மூன்று பெயர், ஒரே ஆள்! கௌடில்யர் என்பது வெறும் கோத்திரப் பெயர் என்று வாதாடுபவர்களும் உண்டு. ஆனால் 'முத்ராராட்சசம்' எழுதிய விசாகதத்தர் விடவில்லை. நாடகத்தின் ஆரம்பத்திலேயே அந்தப் பெயரையும் கோணல் புத்தியையும் சேர்த்துச் சிலேடை பண்ணிவிட்டார்!

பக்கத்துத் தெருக்களின் பெயர்களைக் கேளுங்கள். சத்ய மார்க்! நியாய மார்க்! நீதி மார்க்! விநய மார்க்! உண்மை, நியாயம், நீதி, பணிவு, எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு தெரு! நடுவில் கௌடில்யருக்கும் ஒன்று!

நீதி மார்க்கில் செக் குடியரசின் தூதரகம் இருக்கிறது. அந்த நாட்டின் தேசிய வாசகம் தெரியுமா? 'உண்மை வெல்லும்'! அந்த நாட்டு அதிபரின் கொடியிலேயே பொறித்திருக்கிறார்கள். இந்தியாவின் வாசகம்? 'சத்யமேவ ஜயதே'! தமிழ்நாட்டுக்கு 'வாய்மையே வெல்லும்'! மூன்று மொழி, ஒரே சேதி, ஒரே பேட்டை!

'சத்யமேவ ஜயதே' எங்கிருந்து வந்தது? முண்டக உபநிடதத்திலிருந்து! நம் தேசியச் சின்னத்துக்கு மூலமான சாரநாத் சிங்கத் தூணில் இந்த எழுத்து கிடையவே கிடையாது. 1950 ஜனவரி 26-ல் சின்னத்துக்குக் கீழே நாம் சேர்த்ததுதான்! நம் மாநில முத்திரையிலும் முதலில் வடமொழி வாசகமே இருந்தது. அண்ணா ஆட்சிக்கு வந்த பிறகுதான் தமிழுக்கு மாறியது!

சரி, ஆங்கிலத்துக்கு வருவோம். 'ஹானஸ்ட்' என்று எழுதுகிறோமே, அதில் 'ஹ்' ஒலிப்பதே இல்லை! 'ஆனஸ்ட்'தான் சரி! லத்தீனில் 'ஹொனெஸ்துஸ்', பழைய பிரெஞ்சில் 'ஒனெஸ்த்', அங்கிருந்து சுமார் 1300-ல் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. 'ஹவர்', 'ஏர்' (வாரிசு), 'ஆனர்' எல்லாம் இதே பிரெஞ்சு வண்டியில் வந்து, முதல் எழுத்தை வாயடைத்து வைத்திருக்கிற கூட்டம்!

இன்னும் கேளுங்கள். அந்தச் சொல்லுக்கு முதலில் 'பொய் சொல்லாதவர்' என்ற அர்த்தமே பிரதானம் இல்லை! 'மதிப்புக்குரியவர், கௌரவமானவர்' என்பதுதான் பொருள். அடிவேர் 'ஹொனோஸ்', அதாவது மரியாதை, பதவி! ரோமில் ஹொனோஸ் ஒரு தெய்வம். அதற்குத் தனிக் கோயிலே கட்டினார்கள்! பெண்ணை 'ஆனஸ்ட்' என்று சொன்னால் 'கற்புள்ளவள்' என்று அர்த்தம். 'திருட மாட்டான், ஏமாற்ற மாட்டான்' என்பதெல்லாம் பிற்பாடு மெள்ள மெள்ள மேலே வந்த பொருள்! ஊர் மதித்தால் ஆனஸ்ட், அவ்வளவுதான் ஆரம்பத்தில்!

நம் ஊரில் மரியாதையை எதால் அளந்தார்கள் தெரியுமா? எடையால்! 'கௌரவம்' என்பதன் வேர் 'குரு'. குரு என்றால் கனமானது! 'கனம் கோர்ட்டார் அவர்களே' என்று மனுப் போடுகிறோமே, அந்தக் கனமும் அதே கனம்தான்!

ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ'வில் ஆனஸ்ட், ஆனஸ்டி என்ற சொற்கள் 50 தடவைக்கு மேல் வருகின்றன! பெரும்பாலும் யாருக்குச் சூட்டுகிறார்கள்? இயாகோவுக்கு! நாடகத்திலேயே படு பொய்யன் அவன்தான்! அவன் வாயைத் திறக்கத் திறக்க நம் வயிறு எரிகிறது, மேடையில் இருப்பவர்களோ யோக்கியன் யோக்கியன் என்று கொண்டாடுகிறார்கள். அரண்மனையில் அந்த நாடகம் நடந்ததாகப் பதிவான வருஷம் 1604!

அதே 1604-ல் இன்னொரு கூத்து! ஹென்றி வாட்டன் என்ற ஆங்கிலேயத் தூதர் வெனிஸுக்குப் போகிற வழியில் ஆக்ஸ்பர்க் நகரில் தங்கினார். நண்பரின் கையெழுத்து ஆல்பத்தில் லத்தீனில் ஒரு குறும்பு எழுதி வைத்தார். நாட்டு நன்மைக்காக வெளியூர் போய்ப் பொய் சொல்கிற யோக்கிய மனுஷனுக்குப் பேர்தான் தூதர் என்பது சாரம்! ஆங்கிலத்தில் 'லை' என்றால் தங்குவது, பொய் சொல்வது இரண்டுமே. லத்தீனில் அந்தச் சிலேடை கிடையாது. பொய் மட்டும் அம்மணமாக நின்றது! 1611-ல் எதிரி ஒருவர் கண்டுபிடித்து அச்சிலேயே ஏற்றிவிட்டார். ராஜா முதலாம் ஜேம்ஸுக்கு வந்ததே கோபம்! தூதர்கள் இத்தனை பேர் குடியிருக்கும் சாணக்யபுரிக்கு இதைவிடப் பொருத்தமான கதை உண்டா?

'டிப்ளமேட்' என்ற சொல்லும் லேசுப்பட்டதில்லை. 'டிப்ளமா'விலிருந்து வந்தது. கிரேக்கத்தில் அதற்கு 'இரண்டாக மடித்தது' என்று பொருள்! மடித்த கடிதம் கொண்டு வந்தவர் தூதரானார். மடித்த காகிதம் வாங்கியவர் பாலிடெக்னிக் முடித்தார்!

இங்கிலாந்துத் தோட்டங்களில் 'ஆனஸ்டி' என்றே ஒரு செடி இருக்கிறது! தாவரவியல் பெயர் லுனேரியா. ஊதா நிறப் பூ. பூ உதிர்ந்ததும் தட்டையான காய். காய் முற்றிக் காய்ந்து மேல்தோல் உரிந்தால் உள்ளே வெள்ளிப் படலம் மாதிரி ஒரு வட்டம். வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும். எதையும் ஒளிக்காததால் 'ஆனஸ்டி'! அமெரிக்காவில் இதே செடிக்கு 'வெள்ளி டாலர்' என்று பெயர்! பிரெஞ்சில் 'போப்பின் காசு'! டச்சு மொழியில்? 'யூதாஸின் காசு'! இயேசுவை 30 வெள்ளிக் காசுக்குக் காட்டிக்கொடுத்த அதே யூதாஸ்! ஒரே காயில் யோக்கியமும் துரோகமும்!

செடியில் மட்டும்தானா காசும் நேர்மையும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன? நம் தமிழைப் பாருங்கள்! 'நாணயம்' என்றால் காசு. 'நாணயமான ஆள்' என்றால் நம்பிக் கொடுக்கலாம்! தெலுங்கில் 'நாணெம்' காசு, 'நாண்யத' தரம். மனுஷனின் குணத்துக்கே காசின் பெயரை வைத்துவிட்டோம்! கள்ளக்காசும் நல்ல காசும் புழங்கிய சந்தையில் இதைவிடப் பெரிய பாராட்டு எது? வடமொழியில் 'நாணக'. கனிஷ்கர் வெளியிட்ட காசுகளில் 'நானா' என்ற தேவியின் உருவம் இருக்கிறது. அந்தத் தேவியின் பெயரிலிருந்தே இந்தச் சொல் பிறந்தது என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு!

நம் முன்னோர் உண்மைக்குப் பெயர் வைக்க அகராதியைத் தேடவில்லை, தம் உடம்பையே பார்த்தார்கள்! வாயிலிருந்து வாய்மை என்பார்கள்! உடம்புக்கும் உண்மைக்கும் சேர்த்து ஒரே சொல், மெய்! லஞ்சம் வாங்காதவரை இன்றும் என்ன சொல்கிறோம்? கைசுத்தம்! நேர்மை மட்டும்தான் கோடு போட்ட மாதிரி 'நேர்' என்பதிலிருந்து வந்தது. திருக்குறளில் வாய்மைக்குத் தனி அதிகாரம், 30-வது! தூதுக்குத் தனி அதிகாரம், 69-வது! ஒற்றாடலுக்கும் ஒன்று, 59-வது!

சாணக்யபுரி ஆட்டோக்காரர் நல்லவரை என்னவென்று சொல்வார்? 'இமான்தார்'! ஈமான் அரபி, நம்பிக்கை. 'தார்' பாரசீகம், உடையவர். இதே அரபி வேரில் 'அமீன்' என்றால் நம்பகமானவர். அந்த அமீன் நம் ஊர் கோர்ட்டுக்கு வந்து யாரானார்? ஜப்தி பண்ண வருகிற அமீனா! அரசு ஆபீஸில் 'அமானத்' கணக்கு என்கிறார்களே, அதுவும் இதே குடும்பம்! இன்னும் தூக்கிவாரிப் போடட்டுமா? சர்ச்சில் சொல்லும் 'ஆமென்' இதே செமிட்டிக் வேர்தான்! அமீனாவும் ஆமென்னும் பங்காளிகள்!

இனி நம் கௌடில்யருக்கு வருவோம். மனுஷன் யாரையும் நம்பவில்லை! அர்த்த சாஸ்திரம் 15 அதிகரணம், 150 அத்தியாயம். நேர்மையைப் பற்றி உபதேசம் பண்ணுவதை விட்டுவிட்டுப் பரீட்சை வைத்தார்!

மந்திரிகளுக்கு நான்கு பரீட்சை! முதலாவது அறம். ராஜா வேண்டுமென்றே புரோகிதரைப் பதவி நீக்குவார். கோபத்தில் வெளியேறியவர் போல அவர் ஆள் அனுப்பி, 'இந்த ராஜா தர்மம் கெட்டவர், வேறொருவரை உட்கார வைப்போமா?' என்று ஒவ்வொரு மந்திரியிடமும் கேட்பார். இரண்டாவது பணம். தள்ளிவைக்கப்பட்ட சேனாபதி ஆசை காட்டுவார். மூன்றாவது இன்பம். அரண்மனையில் செல்வாக்குள்ள ஒரு பெண் துறவி வந்து, 'மகாராணி உங்கள் மேல் ஆசைப்படுகிறார்' என்பாள்! நான்காவது உயிர்பயம். எல்லாரையும் கைது பண்ணி உள்ளே தள்ளி, அங்கே ஒருவனை விட்டு 'ராஜாவைத் தீர்த்துவிடலாமா?' என்று பேச வைப்பார்கள்! அத்தனையும் நாடகம்! மாட்டேன் என்றவன் பாஸ்!

ரிசல்ட்டைப் பொறுத்துத்தான் போஸ்டிங்! அறத்தில் தேறியவர் நீதிபதி. பணத்தில் தேறியவர் கஜானாவுக்கும் வரி வசூலுக்கும். இன்பத்தில் தேறியவர் ராஜாவின் கேளிக்கை இடங்களின் காவலுக்கு. பயத்தில் தேறியவர் ராஜாவின் பக்கத்திலேயே. நான்கிலும் தேறியவர்தான் மந்திரி! நான்கிலும் கோட்டை விட்டவர்? சுரங்கத்துக்கும் யானைக் காட்டுக்கும்!

அதிலும் கௌடில்யருக்கு ஒரு தயக்கம். சோதனைக்கு ராஜாவையும் ராணியையுமே தூண்டிலாக வைக்காதே என்கிறார்! நல்லவன் மனசில் ஒரு முறை விஷம் இறங்கிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது என்று பயந்தார். இந்த இடத்தில் எனக்கு அந்த ஆள் மேல் பெரிய மரியாதையே வந்துவிட்டது!

இதே நான்கு சோதனையும் வேறெங்கே இருக்கிறது தெரியுமா? திருக்குறளின் 51-வது அதிகாரத்தில், முதல் குறளிலேயே! அறம், பொருள், இன்பம், உயிரச்சம்! யார் யாரை விட்டுச் சோதிப்பது என்று பரிமேலழகர் உரையில் விவரமாகவே இருக்கிறது!

அரசுப் பணத்தைச் சுருட்ட எத்தனை வழி? கௌடில்யர் எண்ணியே வைத்திருக்கிறார். 40! முன்னால் வந்த வரவைப் பின்னால் எழுதுவது, பின்னால் வந்ததை முன்னால் எழுதுவது என்று ஆரம்பித்து, வரிசையாக நாற்பது!

காட்டிக்கொடுப்பவருக்குப் பரிசு! மோசடியை நிரூபித்தால் அந்தத் தொகையில் ஆறில் ஒரு பங்கு! தகவல் சொன்னவர் அரசு ஊழியராக இருந்தால் பன்னிரண்டில் ஒரு பங்கு! நிரூபிக்க முடியாவிட்டால் தண்டனை!

ஆடிட்டிங் உண்டா? உண்டு! ஆஷாட மாதத்தில் கணக்கர்கள் முத்திரையிட்ட கணக்கு மூட்டையோடு வந்து நிற்க வேண்டும். ஒருவரோடு ஒருவர் பேசவே கூடாது! டிரான்ஸ்ஃபர்? அதுவும் உண்டு! ஒரு துறைக்குப் பல தலைவர்கள் வேண்டும், யாரும் நிரந்தரமாக உட்காரக் கூடாது!

'பணம்' என்ற அந்தக் காலக் காசில் சம்பளம் 60-லிருந்து 48,000 வரை! 800 மடங்கு வித்தியாசம்! மேலிடத்துக்கு ஏன் அவ்வளவு? யாராவது ஆசை காட்டினால் மயங்காமல் இருக்கத்தான்!

சலவைத் தொழிலாளி வாடிக்கையாளர் துணியை உடுத்திக்கொண்டு போனால் அபராதம் 3 பணம்! விற்றாலோ, வாடகைக்கு விட்டாலோ, அடகு வைத்தாலோ 12 பணம்! அப்படியானால் அவர் எதைத்தான் உடுத்துவது? சம்மட்டி அடையாளம் போட்ட துணியை மட்டும்! துவைக்கிற கல் எப்படி இருக்க வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. வழவழப்பாக, துணி கிழியாமல்! அடுத்தவன் வேட்டி கிழியக் கூடாது என்று கவலைப்பட்ட ராஜதந்திரியை வேறெங்கே பார்த்திருக்கிறீர்கள்?

பொற்கொல்லர் தராசில் எத்தனை வகை மோசடி? எட்டு! அதில் ஒன்று காந்தத் தராசு! ஆமாம், காந்தம் வைத்து எடையை ஏமாற்றுகிற வித்தை அப்போதே இருந்தது! எடைக்கல் இரும்பாலோ, மகத நாட்டுக் கல்லாலோ, மேகல நாட்டுக் கல்லாலோ இருக்க வேண்டும். நனைத்தால் கனம் ஏறக் கூடாது, காய்ச்சினால் குறையக் கூடாது! வியாபாரிக்கு லாபம் உள்ளூர்ச் சரக்கில் 5 சதவீதம், வெளிநாட்டுச் சரக்கில் 10!

இவ்வளவு பெரிய நூல் பல நூற்றாண்டு காணாமல் போயிருந்தது! கண்டுபிடித்தது எங்கே? மைசூர்! கொண்டுவந்து கொடுத்தவர் யார்? தஞ்சாவூர் ஜில்லாப் பண்டிதர் ஒருவர்! பனையோலையில், கிரந்த எழுத்தில்! மைசூர் கீழ்த்திசை நூலகத்தின் சாம சாஸ்திரி 1905-ல் அதன் அருமையை உணர்ந்தார். 1909-ல் மூலம் அச்சானது, 1915-ல் ஆங்கிலம்! பாடலிபுத்திரத்துக்காரரின் மானத்தைக் காப்பாற்றியது தஞ்சாவூர் ஓலை!

இப்போது மறுபடி கௌடில்ய மார்க் போங்கள். பாடலிபுத்திரம் இருக்கும் பீகாருக்கு அங்கே பீகார் பவன்! தஞ்சாவூருக்குத் தமிழ்நாடு இல்லம்! மைசூருக்குக் கர்நாடக பவன்! எழுதிய மண், ஓலை கொடுத்த மண், அச்சேற்றிய மண், மூன்றும் அவர் பெயர் வைத்த ஒரே சாலையில்! இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை!

முத்ராராட்சசம் கதை என்ன தெரியுமா? எதிரி மந்திரி ராட்சசன், விசுவாசத்தின் மறுபெயர். அவனுடைய முத்திரை மோதிரம் சாணக்கியர் கையில் சிக்குகிறது. போலிக் கடிதம், போலி ஒற்றர், போலி மரண தண்டனை என்று ஏழு அங்கம் முழுக்கப் புளுகு! எதற்காக? அந்த ஒரே ஒரு யோக்கியனைத் தன் ராஜா சந்திரகுப்தனுக்கு மந்திரியாக்க!

சாணக்யபுரி எழும்பியபோது பிரதமர் யார்? நேரு! அதற்கு ரொம்ப முன்னாலேயே, 1937 நவம்பரில், கல்கத்தாவின் 'மாடர்ன் ரிவ்யூ' பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. ஜவாஹர்லால் நேரு சர்வாதிகாரியாகக்கூடும், ஜாக்கிரதை என்று எச்சரித்தது. எழுதியவர் பெயர் 'சாணக்கியா'. அந்தச் சாணக்கியா யார்? நேருவேதான்!

சாணக்யபுரியின் விளிம்பில், சர்தார் பட்டேல் மார்க் ஓரத்தில் 'கியாரா மூர்த்தி' நிற்கிறது. காந்தியோடு சேர்த்து 11 உருவம், தண்டி யாத்திரை! செதுக்கிய தேவி பிரசாத் ராய் சௌத்ரிதான் நம் மெரினாவின் உழைப்பாளர் சிலையையும் செய்தவர்! 'சத்யாகிரகம்' என்ற சொல்லோ போட்டி வைத்துப் பிறந்தது! தென்னாப்பிரிக்காவில் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை வாசகர்களிடம் பெயர் கேட்டது. மகன்லால் காந்தி 'சதாகிரகம்' என்று அனுப்பினார். காந்தி அதைத் திருத்தினார், சத்யாகிரகம் ஆனது! அந்தப் போராட்டத்தில் சிறை போய் 1914 பிப்ரவரி 22-ல் உயிர் விட்ட தில்லையாடி வள்ளியம்மைக்கு வயசு 16!

தேர்தலில் நிற்பவரைக் 'கேண்டிடேட்' என்கிறோமே, அதற்கு அர்த்தம் 'வெள்ளை உடுத்தியவர்'! ரோமில் ஓட்டுக் கேட்பவர்கள் பளிச்சென்ற வெள்ளை அங்கி போட்டார்கள்! மனசில் பட்டதை அப்படியே சொல்லும் 'கேண்டிட்' பேச்சும் இதே வெள்ளைதான்!

வெள்ளைச் சட்டை மட்டும் போதாது என்றது நம் உத்திரமேரூர்! பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 919, 921! ஊர்ச் சபையின் வாரிய உறுப்பினருக்கு வயசு 35-க்கு மேல், 70-க்குள். முந்தைய மூன்று வருஷம் பதவியில் இருந்திருக்கக் கூடாது. கணக்குக் காட்டாமல் போனவருக்கு இடமே இல்லை! அவருக்கு மட்டுமா? பெரியம்மா பிள்ளை, சின்னம்மா பிள்ளை, அத்தை மகன், மாமன் மகன், தாய்மாமன், பெரியப்பா, சித்தப்பா, மாமனார், மைத்துனர், சகோதரியின் கணவர், அவர் பிள்ளைகள், மாப்பிள்ளை, அப்பா, மகன், அத்தனை பேருக்கும் தடை! ஒருத்தர் கணக்கை மறைத்தால் கல்யாண வீட்டுக் கூட்டமே அவுட்! தேர்வுக்காகப் பெயர் எழுதிப் போட்ட ஓலையைக் குடத்திலிருந்து எடுக்கப் பெரியவர் யாரையும் விடவில்லை. விவரம் தெரியாத ஒரு சின்னப் பையன்தான் எடுத்தான்!

மிசோரமில் நெடுஞ்சாலை ஓரம் கடைக்காரரே இல்லாத கடைகள்! 'ங்ஹா லௌ டாவ்ர்' என்று பெயர். மூங்கில் பந்தலில் காய்கறி, பழம், விலைப் பலகை, ஒரு டப்பா! காசைப் போட்டுவிட்டு, சில்லறையை நீங்களே எடுத்துக்கொள்ளலாம்! நம் தஞ்சை மாவட்டப் பாபநாசத்திலும் காந்தி ஜெயந்தி அன்று ஆளில்லாக் கடை போடுகிறார்கள்!

கடைசியாக ஒன்று. உலகம் முழுக்க 40 நாடு, 355 நகரம், 17,000-க்கும் அதிகமான பர்ஸ்! ஹோட்டல், வங்கி, போலீஸ் நிலையம், தபால் ஆபீஸ் என்று போய், 'தெருவில் கிடந்தது' என்று கவுண்ட்டரில் கொடுத்துவிட்டு வந்தார்கள் ஆய்வாளர்கள். இந்தியாவும் அதில் சேர்த்தி. முடிவு 2019-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. காசில்லாத பர்ஸுக்காக உரிமையாளரைத் தொடர்பு கொண்டவர்கள் 40 சதவீதம். காசு இருந்த பர்ஸுக்கு? 51! அமெரிக்கா, பிரிட்டன், போலந்து மூன்றிலும் கிட்டத்தட்ட 94 டாலர் வைத்துப் பார்த்தார்கள். இவ்வளவு பணத்தை யார் திருப்பித் தருவார்கள் என்கிறீர்களா? 72 சதவீதம் பேர் தொடர்பு கொண்டார்கள்!